டிரைவர் நம்பருக்கு ஒரு கட்டம்

சிமெண்ட் ஆலை கேட்டில் இப்போது உட்காரும் நித்யா போன் செய்தாள். ஆலைக்குப் புது சாஃப்ட்வேர் வருகிறது. பழையதில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று கேட்கிறார்களாம்.

"அண்ணே, டோக்கன் போடுற எடத்துல ரெண்டு செல் நம்பர் கட்டம் இருக்குல்ல. ஓனர் செல், டிரைவர் செல். எதுக்குண்ணே ரெண்டு? ஒண்ணத் தூக்கிடலாமான்னு கேக்குறாங்க. ஒரு கட்டம் கொறஞ்சாலும் கேட்டு வேகமா நவுரும்ல."

"யாரு கேக்குறா?"

"புது மேனேஜர் சார். அந்தக் கட்டம் வந்தப்ப நீங்கதான் கேட்டுல இருந்தீங்களாம். எழுதிக் குடுக்கச் சொன்னாரு."

போனில் சொல்லி முடியாது, எழுதித்தான் தரவேண்டும் என்று எனக்கும் பட்டது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் நித்யா திருத்திக்கொள்ளட்டும்.

என் பெயர் கலியபெருமாள். ஊர் திருமானூர் பக்கம். ஆலையில் மூட்டை ஏற்றும் ஆளாகச் சேர்ந்தேன். முதுகு போனது. கேட்டில் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

ஆலைக்கு வெளியே லாரி யார்டு. காலி லாரி கேட்டில் டோக்கன் வாங்கி உள்ளே வந்து வரிசையில் நிற்கும். முறை வந்தால் ஆலைக்குள் கூப்பிடுவார்கள். மூட்டை ஏற்றி, எடை போட்டு, போய்விடும். முறை சில நாள் சீக்கிரம் வரும். சில நாள் மறுநாள் ஆகும். அதுவரை டிரைவர் வண்டியில்தான் கிடப்பார். அரியலூர் வெயில் தெரிந்ததுதான். முன்கண்ணாடிக்குப் போர்வையைக் கட்டி, ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டுப் படுத்துவிடுவார்கள். பகலில் யார்டு முழுக்கத் தூக்கம். படுத்துக்கிடக்கும் டிரைவரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம்.

யார்டு மேனேஜர் அருள்தாஸ் சார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாற்காலி இருக்கும், உட்காரமாட்டார். டிபன் பாக்ஸை ஜன்னல் கட்டையில் வைத்து நின்றபடியே சாப்பிடுவார். கேட்டில் புதிதாக ஒரு விவரம் எழுதவேண்டும் என்று யார் வந்தாலும் அவரிடம் இரண்டு கேள்வி இருக்கும்.

"இத யாரு கேப்பா? என்னத்தக் கையில வச்சுக்கிட்டு கேப்பா?"

பதில் இல்லையென்றால் எழுதவிடமாட்டார். ஒருமுறை பாதுகாப்புப் பிரிவு ஆள் வந்து, டிரைவரின் ரத்த குரூப்பை டோக்கனில் எழுதச் சொன்னார்.

"யாரு கேப்பா சார்?"

"அடிபட்டா டாக்டர் கேப்பாரு."

"டாக்டர் நம்ம டோக்கனப் பாத்து ரத்தம் ஏத்துவாரா, டெஸ்ட் பண்ணி ஏத்துவாரா?"

அந்த ஆள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதைச் செய்து கொடுத்தது பர்வீன் என்ற பெண். பெரம்பலூர்க்காரர். திருச்சியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். கேட்டுக்கு வந்து இரண்டு நாள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த மாதிரி டேட்டாபேஸுக்கு நோ எஸ்.க்யூ.எல். என்று பெயராம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

"ஒவ்வொரு வண்டியும் ஒரு பொட்டலம்னு வச்சுக்கங்கண்ணே. மேல டோக்கன் நம்பர் ஒட்டியிருக்கு. அந்த நம்பரச் சொன்னா நேரா போயி எடுத்துடும். வேற எதச் சொல்லிக் கேட்டாலும் பொட்டலத்த ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாக்கணும். அதுக்கு ஸ்கேன்னு பேரு."

"எத்தனயம்மா பிரிக்கும்?"

"எல்லாத்தையும்தான். எப்பவோ லோடு ஏத்திட்டுப் போன வண்டி வரைக்கும்."

"அதுவரைக்கும் கேட்டு?"

"நிக்கும். நாம காசு கட்டி வாங்கியிருக்குற வேகம் அவ்வளவுதான். தேடுறதுக்கே அது செலவாயிட்டா டோக்கன் போட மிச்சம் இருக்காது."

ஆரம்பத்தில் அப்படித்தான் நின்றது. லாரி ஓனர் போன் செய்வார். "என் வண்டி எந்த வரிசையில நிக்குது?" டோக்கன் நம்பர் அவர் கையில் இருக்காது, டிரைவர் கையில் இருக்கும். ஓனருக்குத் தெரிந்தது வண்டி நம்பர். அதைப் போட்டுத் தேடினால் ஸ்கேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கும்.

அருள்தாஸ் சார் பர்வீனைக் கூப்பிட்டார். "வண்டி நம்பரக் கையில வச்சுக்கிட்டு கேக்குறாங்கம்மா. அத வச்சு நேரா போவ வழி இருக்கா?"

"செகண்டரி இண்டெக்ஸ் போடலாம் சார்."

இன்னொரு அடுக்கு என்று விளக்கினார். அதே பொட்டலத்தின் விவரம், வண்டி நம்பர்படி அங்கே அடுக்கியிருக்கும். நாங்கள் கேட்டில் ஒருமுறை எழுதினால் போதும். கம்ப்யூட்டரே அங்கேயும் எழுதிக்கொள்ளும். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் நேரப்படி ஒரு பட்டியல் இருக்கும். வெளிச்சுவரில் ஊர்ப்படி ஒன்று எழுதியிருக்கும். பஸ் அதேதான். தஞ்சாவூர் போகிறவர் சுவரைப் பார்ப்பார். நான் அப்படிப் புரிந்துகொண்டேன். பர்வீனிடம் சொன்னேன். சரிதான் என்றார்.

"ஆனா சும்மா வராதுண்ணே. ஒவ்வொரு டோக்கனுக்கும் அங்கயும் ஒரு எழுத்து. எடம் புடிக்கும், செலவாவும். கேக்குறவங்க இருந்தா மட்டும் போடணும்."

அருள்தாஸ் சார் தலையை ஆட்டினார். அவர் கேட்கும் கேள்வியை இன்னொருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

இரண்டு இண்டெக்ஸ் போட்டார்கள். ஒன்று வண்டி நம்பருக்கு. ஒன்று செல் நம்பருக்கு. விற்பனை ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து சிமெண்ட் வகைக்கும் ஒன்று வேண்டும் என்றார். பர்வீன்தான் பதில் சொன்னார். "இருக்குறதே ரெண்டு வகை சார். ஒரு வகையச் சொன்னா பாதி யார்டு வந்து நிக்கும். அதுல திரும்பவும் நீங்கதான் தேடணும்."

இன்னொரு சங்கதியும் உண்டு. கேட்டில் எழுதியது அந்த அடுக்குக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தும். கண் இமைக்கிற நேரம்தான். நெருக்கடி நாளில் இன்னும் கொஞ்சம். ஒரு டிரைவர் டோக்கன் வாங்கிய கையோடு, எந்த வரிசை என்று வண்டி நம்பரைச் சொல்லிக் கேட்டார். பதிவு இல்லை என்று வந்தது.

"இப்பதானய்யா எழுதுன. அதுக்குள்ள இல்லங்குற?"

"இரு. அங்க போயி சேரணும்."

"ஏன்யா, வண்டி ஒன் மூக்குக்கு நேரா நிக்குது. எங்க போயி சேரணுங்குற?"

மறுபடி போட்டேன். வந்தது. அவர் ஆலைக்குள் போகும்வரை எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரித்தார்.

நாங்களும் பழகிவிட்டோம். நம்பரைப் போட்டால் பதில் வரும். இருந்தால் இருக்கு. இல்லையென்றால் இல்லை.

ஒரு மாதக் கடைசி. யார்டு நிறைந்திருந்தது. வெயில் உச்சியில் இருக்கும்போது கேட் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"சார், விக்கிரமங்கலத்துலேர்ந்து பேசுறேங்க. பேரு செல்வி. எங்க வூட்டுக்காரரு முருகேசன். டிரைவரு. அங்க யார்டுல இருக்காருங்க. போனு அடிக்குது, எடுக்க மாட்டேங்குறாரு."

"தூங்குவாரும்மா. எல்லாரும் தூங்குறாங்க."

"இல்லைங்க. சுகருக்கு மாத்திரை போட்டாச்சு, சாப்பிடப் போறேன்னு காலையில சொன்னாரு. கொரலே ஒரு மாதிரி இருந்துச்சு. அதுக்கப்பறம் எடுக்கல. ஒருவாட்டி இப்படித்தாங்க வூட்டுல சுகரு எறங்கி விழுந்துட்டாரு. செத்த பாருங்க சார்."

"வண்டி நம்பர் சொல்லுங்க."

"தெரியாதுங்க. மாத்து டிரைவருங்க அவரு. பைபாஸ் டீக்கடையில நிப்பாரு. யாரு கூப்புட்டாலும் போவாரு. இன்னைக்கு யாரு வண்டின்னு சொல்லலைங்க."

"அவரு செல் நம்பர்?"

சொன்னார். போட்டேன். உடனே வந்தது. பதிவு இல்லை.

"உள்ள இல்லம்மா. வெளிய எங்கயாவது நிப்பாரு."

"யார்டுலதான்னு சொன்னாருங்களே."

"கம்ப்யூட்டர்ல இல்லம்மா."

அந்த அம்மா போனை வைத்துவிட்டார். டோக்கனுக்கு ஆள் நின்றது. நான் அந்த வேலையைப் பார்த்தேன்.

மறுபடி போன் வந்தது. அதே அம்மா. "சார், கோவிச்சுக்காதீங்க. இன்னொருவாட்டி நம்பர் போட்டுப் பாருங்க. நான் இங்கேர்ந்து பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள ரொம்ப நேரமாயிடுங்க."

போட்டேன். பதிவு இல்லை. அருள்தாஸ் சார் ஜன்னலோரம் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன்.

"என்னத்தக் கையில வச்சுக்கிட்டு கேக்குறாங்க, கலியபெருமாள்?"

"அவரு செல் நம்பர் சார்."

"நாம எந்த நம்பரப் போடுறோம்?"

பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் முந்திக்கொண்டு சொன்னார். "ஓனர் நம்பரத்தான் சார்."

கட்டத்தின் மேல் 'டிரைவர் செல்' என்றுதான் போட்டிருக்கும். ஆனால் லோடுக்கு முறை வந்தால் அந்த நம்பருக்கு மெசேஜ் போகும். மெசேஜ் டிரைவருக்குப் போனால் தங்களுக்குள் முறையை மாற்றிக்கொள்கிறார்கள், எங்களுக்கே வரட்டும் என்று ஓனர்கள் சொன்னார்கள். முதல் வாரத்திலிருந்தே அந்தக் கட்டத்தில் ஓனர் நம்பர்தான். கேட்டில் எல்லோருக்கும் தெரியும். திருச்சியில் இருக்கும் பர்வீனுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. ஓனரும் டிரைவரும் எங்களுக்கு ஒரே வண்டிதான்.

அருள்தாஸ் சார் டிபன் பாக்ஸை மூடினார். பர்வீனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அந்த நம்பர் எங்கயுமே இல்லன்னா அத வச்சுக் கெடைக்காது சார். டிரைவர் பேரு இருக்கும்ல? பேரு வச்சு ஸ்கேன் போடலாம். ஆனா கேட்டு நின்னுடும் சார். மாசக் கடைசி."

"எவ்வளவு நேரம்?"

"சொல்ல முடியாது சார். மொத்தமும் படிக்கணும்."

"போடும்மா. நிக்கட்டும்."

என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் ஒரு பக்கம் தேடட்டும். நீ வாட்ச்மேனக் கூட்டிக்கிட்டு வரிசையா கேபினத் தட்டு. அந்தம்மாவ அவரு நம்பருக்கு போன் அடிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லு. நிறுத்த வேண்டாம்னு சொல்லு."

சொன்னேன். "அடிக்குறேங்க, அடிக்குறேங்க" என்றார் செல்வி.

நாங்கள் தட்டத் தொடங்கினோம். லாரிக் கேபின் உயரம். படியில் கால் வைத்து ஏறித் தட்டவேண்டும். தூக்கம் கலைந்தவர்கள் சும்மா விடவில்லை.

"லோடு வந்துடுச்சாண்ணே?"

"இல்ல. நீ முருகேசனா?"

"முருகேசன்னா இப்பவே லோடு குடுப்பியா? அப்ப நான் முருகேசன்தான்."

இன்னொருவர் துண்டை விலக்காமலே திட்டினார். அடுத்த வண்டியில் சீட்டுக்கட்டு. அவர்களுக்கு விஷயம் புரிந்ததும் கட்டைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு வரிசையாகப் பிரிந்து தட்டினார்கள். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஏறி இறங்குவது குறையவில்லை.

கேட் நின்றுவிட்டது. லாரிகள் மெயின் ரோடு வரை சேர்ந்தன. நான் கேட் பக்கம் திரும்பி வந்தபோது ஆலையிலிருந்து டிஸ்பாட்ச் பெரிய அதிகாரி போனில் இருந்தார். அருள்தாஸ் சார் ஸ்பீக்கரில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டு ஏன் நிக்குது? உள்ள ஏத்துறதுக்கு வண்டி வரல."

"ஒரு ஆளத் தேடுறோம் சார்."

"நம்ம ஆளா?"

"யார்டுல இருக்குற ஆளு சார்."

"இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியாது சார். அதான் தேடுறோம்."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

ஸ்கேன் முடிந்தது. முருகேசன்கள் நிறைய. லோடு ஏற்றிப் போனவர்களைக் கழித்தார்கள். இரண்டு பேர் மிச்சம். இரண்டு வண்டி நம்பரையும் வாங்கிக்கொண்டு ஓடினேன். முதல் வண்டிக்காரர் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

"நீங்க முருகேசனா? விக்கிரமங்கலமா? வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு."

"எனக்குக் கல்யாணமே ஆவலண்ணே. யாருண்ணே போன் பண்ணுனது?"

இரண்டாவது வண்டி கடைசி வரிசையில், தார்ப்பாய் மடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில். போர்வை கட்டியிருந்தது. இரண்டு கதவும் உள்ளே பூட்டு. கிட்டே போனதும் கேட்டது. உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி அடித்தது.

வாட்ச்மேன் டயர் லீவரால் கண்ணாடியை உடைத்தார். முருகேசன் சீட்டில் சாய்ந்து கிடந்தார். சட்டை முழுக்க வேர்வை. கூப்பிட்டதற்குக் கண் திறந்தது, பேச்சு இல்லை. பக்கத்தில் பொட்டலச் சோறு பிரிக்காமல் இருந்தது. மாத்திரையைப் போட்டுவிட்டார், சாப்பிடும் முன்னால் கண் சொருகிவிட்டது. ஒரு டிரைவர் சோடா கொண்டுவந்தார். வாயில் ஊற்றவேண்டாம் என்று ஆலை நர்ஸ் கத்திக்கொண்டே வந்தார். ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார். ஆம்புலன்ஸ் வந்து அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நான் எடுத்தேன்.

"கெடச்சுட்டாரும்மா. உசுரு இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

அந்தப் பக்கம் பஸ் சத்தம் கேட்டது. ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தார்.

பிழைத்துக்கொண்டார். அந்த மாத லோடு குறைந்தது. அருள்தாஸ் சாருக்கு மெமோ வந்தது. படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மறுநாள் பர்வீன் நேரில் வந்தார். டோக்கன் போடுவதை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இதுல யாரு நம்பர்ணே போடுறீங்க?"

"ஓனர் நம்பரு."

"மேல டிரைவர் செல்னு போட்டிருக்கே."

"ஆமா."

"இங்க வந்து நின்னு பாத்துட்டு அப்பறமா இதச் செஞ்சிருக்கணும்ணே" என்றார். சொல்லியிருக்கவேண்டியது நாங்கள் என்றேன். இரண்டுமே சரி, வேலையைப் பாருங்கள் என்றார் அருள்தாஸ் சார்.

மூன்று காரியம் செய்தார்கள். ஓனர் செல், டிரைவர் செல் என்று தனித்தனிக் கட்டம். டிரைவர் செல்லுக்கும் ஓர் இண்டெக்ஸ். இரண்டாவது, யார்டுக்குள் இருக்கும் வண்டிக்கு மட்டும் ஓர் அடையாளம். வண்டி வெளியே போனதும் அடையாளத்தை எடுத்துவிடும். அந்த அடையாளம் உள்ளவை மட்டும் தனி அடுக்கில் நிற்கும். போய்விட்ட வண்டிகள் அதில் வராது. பேரைச் சொல்லித் தேடினாலும் யார்டில் நிற்கிறவற்றை மட்டும் பிரித்துப் பார்த்தால் போதும். கேட் நிற்காது.

மூன்றாவது, 'பதிவு இல்லை' என்று வருவதை மாற்றினார்கள். இப்போது 'இந்த எண்ணில் பதிவு இல்லை, பெயரில் தேடவும்' என்று வரும். அருள்தாஸ் சார் கேட்டு வாங்கியது அது.

ஓனர்கள் கொஞ்ச நாள் முனகினார்கள். மெசேஜ் அவர்களுக்கே போகிறது என்று தெரிந்ததும் அடங்கினார்கள். எங்கள் ஆட்களில் சிலர், செல் இல்லாத டிரைவர் வந்தால் அந்தக் கட்டத்திலும் ஓனர் நம்பரையே போட்டார்கள். காலியாக விடச் சொன்னேன். காலியாக விட்டால் அந்த அடுக்கில் வராது, அவ்வளவுதான். பெயரில் தேடிக்கொள்ளலாம். வேறு ஆள் நம்பர் போட்டால் வேறு ஆள்தான் வருவார்.

இதுவரை எழுதிவிட்டு நித்யாவைக் கூப்பிட்டேன். அருள்தாஸ் சார் இருந்தால் கேட்டிருக்கும் கேள்வியைக் கேட்டேன்.

"அந்தக் கட்டத்த வச்சு இப்ப யாராச்சும் கேக்குறாங்களா?"

"ரொம்ப இல்லண்ணே. அதான் தூக்கச் சொல்றாங்க. ஒரு அம்மா மட்டும் அடிக்கடி போன் பண்ணும். ஒரு டிரைவர் நம்பரச் சொல்லி, உள்ள இருக்காரான்னு கேக்கும். வேற ஒண்ணும் பேசாது."

"எந்த ஊருன்னுச்சு?"

"கேட்டதில்லண்ணே. நம்பரப் போட்டு, இருக்காருங்க, இன்ன வரிசைன்னு சொல்லுவேன். சரிங்கன்னு வச்சுரும்."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆவுது?"

"நம்பரு போட்ட ஒடனே வந்துடுதுண்ணே."

"அப்ப இருக்கட்டும்" என்றேன்.